அவள் கணக்கு – 14: மிஞ்சிய சரக்கு யார் தலையில்?

போன வாரம் இந்துஸ்தான் யூனிலீவரின் ‘சக்தி’ திட்டத்தைப் பார்த்தோம். விநியோக வண்டி எட்டாத சிற்றூர்களில் சுயஉதவிக் குழுப் பெண்கள் சோப்பும் ஷாம்பூவும் விற்ற கதை. இந்த வாரம் அயல்கூட்டங்கள் எனும் கேரளத்து அக்கம்பக்கப் பெண்கள் குழுக்களின் வட்டிக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் திருவனந்தபுரத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா என்னைப் பிடித்துக்கொண்டது.

கேரள அரசின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் ‘லஞ்ச் பெல்’ டப்பா அது. 2024 மார்ச்சில் தொடங்கிய திட்டம். ஸ்ரீகாரியம் சமையல்கூடத்தில் பெண்கள் சமைத்து அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். தொடக்கத்தில் சாதாரணச் சாப்பாடு 60 ரூபாய்; மீன், இறைச்சியோடு 99. ‘பாக்கெட் மார்ட்’ செயலியில் காலை ஏழு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். பிற்பகலில் காலி டப்பாவைத் திரும்ப வாங்கிப்போய், கழுவி, மறுபடி அதிலேயே சோறு.

டப்பா திரும்பி வருவது அழகுதான். என்னைத் தூங்கவிடாதது அந்த ஏழு மணி. எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் உலையில் அரிசி விழுகிறது. நூறு பேர் கேட்டால் நூறு சாப்பாடு. மாலையில் மிஞ்சிய சோற்றைப் பார்த்து எந்தப் பெண்ணும் வயிறெரிய வேண்டியதில்லை.

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். ஒரு நிறுவனத்தின் சலவைத்தூளை முன்பணம் கட்டி எடுத்து வீடு வீடாக விற்றார். ஐப்பசி மழையில் ஓலைக்கூரை ஒழுகி, பாதி மூட்டை கட்டிதட்டிப்போனது. திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் கடனை அடைத்தார். அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மிஞ்சுகிற சரக்கு யார் தலையில்?

‘சக்தி’யில் பெண் தன் காசையோ குழுக் கடனையோ போட்டுச் சரக்கை முதலில் வாங்குகிறாள்; பிறகு விற்கிறாள். நிறுவனத்துக்கு விற்பனை அப்போதே முடிந்துவிடுகிறது. அவளுக்கு அது அங்கேதான் தொடங்குகிறது.

‘டப்பா நகரத்துச் சங்கதி, கிராமத்துக்கு என்ன?’ என்று கேட்பீர்கள். குடும்பஸ்ரீயின் ‘அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்’ இருக்கிறதே! ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகப் போகும் சத்துமாவு. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்துச் செய்யும் பக்குவத்தை வகுத்துத் தந்தது காசர்கோட்டின் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம். கேரளம் முழுக்கச் சிறு ஆலைகளில் அரைப்பவர்கள் பெண்கள். எத்தனை குழந்தைகள் என்பது அங்கன்வாடிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. வாங்குபவர் உறுதியாக இருப்பதால், துணிந்து இயந்திரம் வாங்க முடிகிறது.

மிஞ்சும் சரக்கைப் பெண் தலையில் கட்டாமல், முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன லாபம்? சரக்கு தேங்கி நொடித்துப்போகும் பெண் அடுத்த மாதம் விற்க வரமாட்டாள். புதிதாக ஒருத்தியைத் தேடிப் பழக்க வேண்டும். அந்தச் செலவு மிச்சம். முன்கூட்டி ஆர்டர் பெறுபவள் மொத்தமாக மலிவாகக் கொள்முதல் செய்வாள்; விலையும் தரமும் நிலைத்து நிற்கும்.

வட்டிக் கணக்கு அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் ஒரு வேண்டுகோள். கம்பெனி நடத்தும் வாசகர்களே, தீபாவளிப் பலகாரமோ கேன்டீன் சாப்பாடோ உங்கள் ஊர்ப் பெண்கள் குழுவிடம் வாங்குங்கள். எத்தனை வேண்டும் என்று முன்னாலேயே சொல்லுங்கள். பாதிப் பணத்தை அன்றே கொடுங்கள்.