உஷார்! மெயின்லேண்டிலிருந்து ரேம் வரவழைக்கும் முன்...

போர்ட் பிளேரில் (ஸ்ரீ விஜயபுரம் என்று சொல்ல வாய் இன்னும் பழகவில்லை) உங்கள் பழைய கணினி திணறுகிறதா? சென்னையிலிருந்து கப்பலேறும் தம்பியிடம் “8 ஜிபி ரேம் வாங்கிட்டு வாடா” என்று சொல்லப் போகிறீர்களா? பொறுங்கள்! உள்ளே ஓடுவது 32 பிட் லினக்ஸ் என்றால் அதில் பாதிக்கு மேல் வீணாகலாம். மூன்று நாள் கடல் தாண்டி வந்த பொருளை எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பீர்கள்?

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை செயற்கைக்கோள்தான் நமக்கு இணையம். லினக்ஸைத் தரவிறக்குவது நடக்கிற காரியமா? யாரோ கொண்டுவந்த பென்டிரைவ்தான் கைமாறும். எந்த மெஷினிலும் ஏறும் என்பதால் 32 பிட் நகலுக்கே மவுசு. இன்றைய ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது.

32 பிட்டில் எழுத முடிந்த முகவரிகள் 4 ஜிபியோடு தீர்ந்துவிடும். கிராபிக்ஸ் போன்ற சாதனங்களுக்கும் அதிலேயே இடம் ஒதுக்குவதால், கைக்கு வருவது பெரும்பாலும் 3 ஜிபி சொச்சம். முகவரியை நீட்டும் பி.ஏ.இ. வசதியுள்ள கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 64 ஜிபி வரை எட்டும். ஆனாலும் தனியொரு செயலிக்கு வழக்கமாக 3 ஜிபிக்கு மேல் கிடைக்காது.

இதைவிட என்னைப் பதற வைப்பது வேறொன்று. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 9-ஆம் பதிப்பில் பி.ஏ.இ. இல்லாத ‘686’ கெர்னல், பல பிராசஸர்களைக் கையாளும் வசதியே இல்லாமல் வந்தது. நான்கு கோர் இருந்தாலும் ஒன்றுதான் உழைக்கும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. “கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு” என்று நாமே முடிவுகட்டி, நல்ல மெஷினைத் தூக்கிப் போடுவோம்!

இன்றே அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 32 பிட் என்றிருந்தால் ரேம் வாங்குவதை நிறுத்திவையுங்கள். கோர் 2 டுவோவோ அதற்குப் பிந்தைய கோர் வரிசையோ என்றால் பிராசஸர் 64 பிட்தான். மாற வேண்டியது லினக்ஸ் மட்டுமே. மதர்போர்டு எவ்வளவு ரேம் தாங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. பழைய 32 பிட்டை அப்படியே 13-க்கு ஏற்ற வேண்டாம் என்று டெபியனே சொல்லிவிட்டது. கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்கில் நகலெடுத்த பிறகு 64 பிட்டைப் புதிதாக நிறுவுங்கள். அந்தப் பழைய பென்டிரைவை நிக்கோபாரின் கமோர்ட்டா தீவில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். 64 பிட் நகலை ஏற்றிக் கொடுங்கள்.