போடி ஏலக்காய் கடையை கூகுள்ல மேலே கொண்டுவரணுமா? 1,000 லிங்க் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போனை எடுத்து கூகுள்ல ‘பொட்டிபுரம்’னு தட்டிப் பாருங்க. தேனி மாவட்டத்துல, போடி மேற்கு மலையடிவாரத்துல இருக்கிற சின்ன கிராமம் அது. ஆனா, தேடினதும் நியூட்ரினோ பற்றிய பக்கங்கள்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான அந்த ஆய்வகத் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு, போராட்டம், வழக்குன்னு அது வருஷக்கணக்கா செய்தியில் இருந்தது. விஞ்ஞானிகள், பத்திரிகைகள், சூழல் ஆர்வலர்கள், விக்கிப்பீடியான்னு ஆளாளுக்கு எழுதினாங்க. ஒருத்தர் பக்கத்துக்கு இன்னொருத்தர் லிங்க் கொடுத்தாங்க. எஸ்.இ.ஓ-வுக்குன்னு அந்த ஊர் பத்து பைசா செலவு பண்ணலை. மத்தவங்க அதைப் பத்திப் பேசினாங்க, கூகுள் கவனிச்சுக்கிச்சு.

இப்போ, அதே மலையடிவாரத்துல, போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ற வீட்டுப் பிள்ளை நீங்கன்னு வெச்சுக்குவோம். அப்பாகிட்ட பேசி, காசு போட்டு ஒரு வெப்சைட் ஆரம்பிச்சுட்டீங்க. போட்டோ சூப்பர், விலை நியாயம். ஆனா, ஆறு மாசமா ஆர்டர் வரலை. கூகுள்ல தேடினா நாலாவது பக்கத்துல எங்கேயோ கிடக்குது. அப்போ பார்த்து வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்: ‘1,000 பேக்லிங்க், 30 நாளில் முதல் பக்கம், கேரன்ட்டி!’ ஜி-பே பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க.

லிங்க்கை கூகுள் ஏன் எண்ணுது?

லாரி பேஜ், செர்ஜி பிரின் ரெண்டு பேரும் ஸ்டான்ஃபோர்டில் படிச்சப்போ உருவாக்கின ‘பேஜ்ரேங்க்’தான், 1998-ல் ஆரம்பிச்ச கூகுளுக்கு அஸ்திவாரம். யோசனை ரொம்ப எளிமை. ஒரு வெப்சைட் இன்னொரு வெப்சைட்டுக்கு லிங்க் கொடுத்தா, அது ஒரு சிபாரிசு. சிபாரிசு பண்றவருக்கே ஊர்ல நல்ல பேர் இருந்தா, அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

போடிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் ஏலம் நடக்குது. ‘என் காய்தான் பெஸ்ட்’னு விவசாயி சொல்லிட்டா விலை ஏறிடாது. வாங்க வந்தவங்க சாம்பிளைக் கையில எடுத்துப் பார்த்து, போட்டி போட்டுக் கேட்கணும். வெப்சைட்டும் அப்படித்தான். ‘நாங்கள் நம்பர் ஒன்’னு நீங்களே எழுதிக்கிறது கணக்குல வராது. அடுத்தவங்க சொல்லணும்.

காசு கொடுத்து வாங்கினா என்ன ஆகும்?

பச்சை சாயம் ஏத்தின ஏலக்காய், பார்க்க பளிச்னு இருக்கும். தண்ணியில போட்டா சாயம் வெளுத்துடும். வாங்கின லிங்க்கும் அதே ரகம்.

அமெரிக்காவின் பெரிய கடைகளில் ஒண்ணு ஜே.சி.பென்னி. ‘டிரெஸ்’னு தேடினாலும் ‘பெட்ஷீட்’னு தேடினாலும் அவங்கதான் மேலே வந்தாங்க. சம்பந்தமே இல்லாத ஏகப்பட்ட வெப்சைட்களில் அவங்களுக்கு லிங்க் போட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதிடுச்சு. உடனே கூகுள் அவங்களைக் கீழே தள்ளியது. அடுத்த வருஷம், 2012 ஏப்ரலில், இந்த மாதிரி லிங்க்குகளைப் பிடிக்கவே ‘பென்குயின்’ அப்டேட் வந்தது. 2016-ல இருந்து கூகுள் பெரும்பாலும் போலி லிங்க்கைக் கணக்குலயே எடுத்துக்கறதில்லை. அதாவது, தண்டனை கிடைக்காட்டியும் உங்க காசு தண்டம். ரொம்ப அப்பட்டமா இருந்தா கூகுள் ஆட்களே பார்த்து நடவடிக்கை எடுக்கலாம். அதிலிருந்து மீண்டு வர மாசக்கணக்காகும். பெரிய கம்பெனி தாங்கும். தீபாவளி சீசனை நம்பியிருக்கிற சின்னக் கடை தாங்குமா?

இன்னொண்ணு. ‘முதல் இடத்துக்கு யாராலும் கேரன்ட்டி கொடுக்க முடியாது’ன்னு கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்துல சொல்லியிருக்கு. அந்த வாட்ஸ்அப் மெசேஜ் அங்கேயே அடிபட்டுப்போச்சு.

எதெல்லாம் லிங்க் கணக்குல வராது?

* வாட்ஸ்அப் ஃபார்வர்டு: ஆயிரம் குரூப்ல போட்டாலும் கூகுளால் அதைப் பார்க்க முடியாது. ஆர்டர் வரலாம், ரேங்க் ஏறாது.

* இன்ஸ்டா பயோ, யூடியூப் டிஸ்கிரிப்ஷன்: இதுல பெரும்பாலும் ‘நோஃபாலோ’ குறி இருக்கும். ‘இதை என் சிபாரிசா எடுத்துக்காதே’ன்னு கூகுளுக்குச் சொல்ற குறி அது. ஆனா, அங்கேயிருந்து ஆட்கள் வருவாங்க. அதனால விட்டுடாதீங்க.

* காசு கொடுத்த ரெவ்யூ: குக்கிங் சேனல் நடத்துறவருக்கு ஏலக்காய் பாக்கெட் இலவசமா அனுப்பி, பதிலுக்கு அவர் பிளாக்ல லிங்க் கேட்டா அதுவும் விளம்பரம்தான். அந்த லிங்க்ல ‘ஸ்பான்சர்டு’ குறி போடச் சொல்லுங்க. தப்பில்லை, ஆனா ரேங்க்குக்கு உதவாது.

சரி, நல்ல லிங்க் எங்கே கிடைக்கும்?

1. ஏற்கெனவே தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. உங்ககிட்ட ஏலக்காய் வாங்குற ஸ்வீட் ஸ்டால், டீத்தூள் பிராண்டு, போடிமெட்டு பக்கம் இருக்கிற ஹோம்ஸ்டே... இவங்ககிட்ட வெப்சைட் இருக்கும். ‘எங்க ஏலக்காய் இங்கே இருந்து வருது’ன்னு ஒரு வரி போட்டா அவங்களுக்கும் பெருமைதான். ஆனா, ‘நீ எனக்கு, நான் உனக்கு’ன்னு ஐம்பது பேர்கிட்ட லிங்க் மாத்திக்காதீங்க. அதையும் கூகுள் மோசடின்னுதான் பார்க்கும்.

2. லிங்க் கொடுக்கத் தகுந்த ஒரு பக்கம் எழுதுங்க. ‘வாங்க, வாங்க’ன்னு கூப்பிடுற பக்கத்துக்கு யாரும் லிங்க் தர மாட்டாங்க. உங்க வீட்டுக்குத் தெரிஞ்ச விஷயம்தான் சரக்கு. 8 மி.மீ காய்க்கும் 6 மி.மீ காய்க்கும் என்ன வித்தியாசம்னு ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ போடுங்க. சுமார் 5 கிலோ பச்சைக்காயை உலர்த்தினாத்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும், விலை ஏன் அவ்வளவுன்னு விளக்குங்க. ஸ்பைசஸ் போர்டு தன் வெப்சைட்ல ஏல விலையை வெளியிடுது. ‘இன்னிக்கு விலை ஏன் ஏறுச்சு?’ன்னு தமிழ்ல ரெண்டு வரி வாராவாரம் எழுதினா, விவசாயியும் தேடி வருவார், நிருபரும் தேடி வருவார்.

3. ஊரைப் பத்தி எழுதுறவங்களுக்கு உதவுங்க. 2010 கடைசியில் நின்னுபோன மதுரை - போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் போடி வரைக்கும் மறுபடி வருது. குரங்கணி, போடிமெட்டுன்னு டிராவல் பிளாக் எழுதுறவங்களுக்கு, ஏலக்காய் தரம் பிரிக்கிற போட்டோ கிடைக்கிறது கஷ்டம். உங்க குடோன்ல வேலை பார்க்கிற அக்காக்கள்கிட்ட அனுமதி கேட்டுட்டு நாலு படம் எடுத்துக் கொடுங்க. ‘போட்டோ உதவி’ன்னு உங்க கடைப் பேரும் லிங்க்கும் வரும்.

4. விட்டுப்போன லிங்க்கைத் தேடுங்க. கடைப் பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள் பண்ணுங்க. யாராவது பேரை மட்டும் எழுதி, லிங்க் போடாம விட்டிருக்கலாம். ‘எங்க கடையைப் பத்தி எழுதினதுக்கு நன்றிங்க. படிக்கிறவங்க தேடி அலையாம இருக்க எங்க வெப்சைட் லிங்க்கையும் சேர்க்க முடியுமா?’ன்னு ரெண்டு வரி மெயில் போதும்.

5. கூகுள் மேப்பை மறக்காதீங்க. ‘பிசினஸ் ப்ரொஃபைல்’ இலவசம். ‘பக்கத்துல ஏலக்காய் கடை’ன்னு தேடுறவருக்குக் கடையைக் காட்டும்போது, தேடினதுக்குப் பொருத்தமா இருக்கா, எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம்னு மூணு விஷயத்தை கூகுள் பார்க்குது. பிரபலத்தை அளக்கிறப்போ மத்த வெப்சைட்ல இருந்து வர்ற லிங்க்கும், ரெவ்யூவும் சேரும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

‘ஏலக்காய்’னு ஒத்தை வார்த்தைக்கு அமேசானை முந்துறது நடக்கிற காரியமில்லை. ‘போடி ஏலக்காய் 8 மி.மீ 1 கிலோ விலை’ன்னு குறிப்பா தேடுறவரைப் பிடிங்க. அவர்தான் வாங்கற முடிவோட வர்றவர். அந்தத் தேடலுக்குப் போட்டியும் கம்மி. அங்கே நாலஞ்சு உண்மையான லிங்க் கூட வித்தியாசம் காட்டும். உடனே தெரியாது, சில மாசம் ஆகும். யார் யார் லிங்க் கொடுத்திருக்காங்கன்னு ‘சர்ச் கன்சோல்’ல இலவசமா பார்க்கலாம். வெப்சைட் மெதுவா திறந்தாலோ, போன்ல எழுத்து உடைஞ்சு தெரிஞ்சாலோ எத்தனை லிங்க் வந்தும் வந்தவர் திரும்பிப் போயிடுவார். அதை முதல்ல சரி பண்ணுங்க.

அந்த வாட்ஸ்அப் நபருக்கு என்ன பதில்? ‘எந்தெந்த வெப்சைட்ல லிங்க் போடுவீங்க, லிஸ்ட் அனுப்புங்க’ன்னு கேளுங்க. வந்த லிஸ்ட்ல ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ‘ஏலக்காய் வாங்குற ஒரு மனுஷன் இங்கே வருவானா?’ன்னு பாருங்க. வரமாட்டான்னா, அந்தக் காசை வெச்சு இந்த சீசன்ல அப்பாவோட தோட்டத்துக்கு ஏறி, நல்லா நாலு போட்டோ எடுத்துட்டு வாங்க. முதல் லிங்க் அதுல இருந்து வரும்.