சொல்லத் தெரியாத வலி

சங்க நூல்களைப் பயின்றோர் செவிலித்தாயை அறிவர். தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பெண்ணின் மெலிவை அவள் சொல்லாமலே கண்டுகொள்பவள் இவள். மருத்துவமனையில் பணிபுரிவோர்க்கு இப்பெயரை இட்டோர் பொருளறிந்தே இட்டனர் போலும்.

இதனை நான் உணர்ந்தது 1990களில், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் ஆசிரியனாயிருந்தபோது. மனவளர்ச்சி குன்றிய சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான், சாதுவானவன். ஒருநாள் திடீரெனத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ளவும், சோற்றை எறியவும், அருகிலிருப்போரைக் கடிக்கவும் தொடங்கினான். “இவ்வகைப் பிள்ளைகள் அப்படித்தான்” என்று கூறி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்றவன் நான்!

பத்து நாள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்ற கிராமச் சுகாதாரச் செவிலியர், இது என்று தொடங்கியது, எந்தப் பக்கம் அறைந்துகொள்கிறான் என்று தாயிடம் வினவினார். பிள்ளையைத் தாயின் மடியில் சாய்த்து, கைவிளக்கால் வாயை நோக்கினார். கடைவாய்ப்பல் சொத்தையாகி ஈறு சீழ்கட்டியிருந்தது. 1980 முதல் பல் மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றனர். பல் நீங்கியது, கடியும் நீங்கியது.

நோயின் குறியைக் குறைபாட்டின் குணமென்று கொள்ளும் இத்தவறு உலகெங்கும் உண்டு. மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். காதுவலியும் மலச்சிக்கலும் முரட்டுத்தனமாகவே வெளிப்படக்கூடும். டவுன் நோய்க்கூறு உடைய குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் பிறவியிலேயே இதயக் குறை உண்டு. தைராய்டுச் சுரப்புக் குறைவும் அவர்களிடம் மிகுதி. அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்னுமுன் இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். இங்கிலாந்தில் இத்தகையோர்க்கென்றே தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் உளர். இங்கோ அப்பணி பெரும்பாலும் பொதுச் செவிலியரையே சார்ந்துள்ளது.

மருத்துவமனைக் கூட்டமும் இரைச்சலும் இப்பிள்ளைகளை மிரளச் செய்யும். தாய்மார் கூசி வரிசையின் கடைசியில் நிற்பதை இன்றும் காண்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை அளிக்கிறது. அதைத் தாய் கேட்டுப் பெறலாம். செவிலியர் கேளாமலே அழைப்பது இன்னும் நன்று.

அச்சிறுவன் இன்று நாற்பதை நெருங்குகிறான். எழுத்தறியாத அவன் அன்னை, உறக்கத்துக்கு ஒரு கோடு, மலங்கழித்தலுக்கு ஒரு புள்ளி, வலிப்புக்கு ஒரு சுழி என நோட்டில் குறித்துவருகிறார். சுகாதார நிலையத்தில் அந்நோட்டைப் படிக்கத் தெரிந்த செவிலியர் ஒருவர் இருக்கிறார்.