கட்டடம் வீட்டுக்காரருடையது, கட்டில் யாருடையது?

2025 ஜூலை 9 அன்று திருப்பூர் எம்.ஜி.ஆர். நகரில் கேஸ் சிலிண்டர்கள் வெடித்து, வரிசையாக இருந்த 42 தகரக் கொட்டகை வீடுகள் எரிந்துபோயின. அத்தனையும் வாடகை வீடுகள். குடியிருந்த தொழிலாளர்கள் வேலைக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உடுத்தியிருந்த துணியைத் தவிர அவர்களுக்கு மிஞ்சியது எதுவுமில்லை.

மில், பனியன் கம்பெனி, பவுண்டரி, ஐ.டி. என்று பிழைப்புக்காகக் கொங்குப் பகுதிக்கு வந்து, லைன் வீட்டிலும் அபார்ட்மென்ட்டிலும் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தால், “அதெல்லாம் வீட்டுக்காரர் பாத்துக்குவாருங்க” என்பார்கள். வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருந்தாலும் அது அவருடைய கட்டடத்துக்குத்தான். குடியிருப்பவரின் ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

வழி இல்லாமல் இல்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். கட்டடத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் வாடகைதாரர் தன் பெயரில் இதை எடுக்கலாம். தீ, சிலிண்டர் வெடிப்பு, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கீழ்வீட்டு மெத்தையும் டி.வி.யும் நனைந்து போனாலும் இழப்பீடு கேட்கலாம். இதற்கான ஆண்டு பிரீமியம் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைவிட மிகக் குறைவு.

எது கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். அலமாரியில் வைத்த ரொக்கப் பணத்துக்கு இழப்பீடு கிடையாது. நகையைப் பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் கருகினால் அந்த ஃபிரிட்ஜுக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவிப் பீரோவும் துணியும் எரிந்தால் அவற்றுக்கு வரும். திருட்டைப் பொறுத்தவரை, தீயோ வெள்ளமோ வந்த 7 நாளுக்குள் அதை ஒட்டி நடந்தால்தான் கேட்கலாம். பூட்டை உடைத்துத் திருடுவதற்கு வேறு பாலிசி வேண்டும்.

கேஸ் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு, எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு ஒன்றும் உண்டு. சிலிண்டர் விபத்தில் பொருள்சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்து நடந்த இடம், ஏஜென்சியில் பதிவான முகவரியாக இருக்க வேண்டும். கோவையில் பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூருக்கு வீடு மாறியவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, முகவரியைப் பழையபடியே விட்டிருந்தால் இந்த உரிமையைப் பறிகொடுக்க நேரிடும். வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். கேஸ் ஏஜென்சியைப் போலவே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் புது முகவரியை எழுத்தில் தெரிவிப்பது மிக முக்கியம்.

பாலிசி எடுத்த அன்றே அறை அறையாகப் போட்டோ எடுத்து, பில்களோடு சேர்த்து போனிலும் மெயிலிலும் போட்டு வைத்துவிடலாம். காகிதமாக வீட்டிலேயே இருந்தால் தீயில் அதுவும் போய்விடும். சேதம் நடந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லி, சேதத்தை மதிப்பிட அது அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை எரிந்ததையும் நனைந்ததையும் அள்ளிக் கொட்டாமல் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால், புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை.