கணித்த மின்சாரமும் கிடைத்த மின்சாரமும்

ஜெர்மனியில் நாளை நண்பகலில் வெயில் எத்தனை மெகாவாட் தரும்? இதற்கான விடை இன்று மாலை ஆறு மணிக்குள் பொதுவெளிக்கு வந்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இயற்றிய விதி அது. அந்த விதிப்படி, ஐரோப்பிய மின்தொடரமைப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2015 ஜனவரியில் ஒரு தரவுத்தளத்தைத் திறந்தது. மறுநாள் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் எவ்வளவு தரும் என்ற முன்கணிப்பு அதில் ஏறும். மறுநாள் வந்ததும், உண்மையில் கிடைத்தது எவ்வளவு என்பதும் ஏறும். 100 மெகாவாட்டோ அதற்கு மேலோ திறனுள்ள ஒவ்வொரு மின் அலகும் ஐந்து நாள் கழித்துத் தன் கணக்கைக் காட்டியாக வேண்டும். இதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

கணித்ததையும் கிடைத்ததையும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாக வரைந்து காட்டும் கருவிகள் இந்தத் தரவை நம்பித்தான் இயங்குகின்றன.

அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே விழும் இடைவெளிக்கு விலை உண்டு. ஐரோப்பிய மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஓடுகிறது. உற்பத்தி குறைந்து தேவை கூடினால் அலைவெண் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். எனவே பற்றாக்குறையை அந்தக் கணமே எரிவாயு நிலையமோ நீர்மின் நிலையமோ மின்கலமோ ஈடுகட்ட வேண்டும். அப்படித் தயாராக நிற்பதற்கும் அவை பணம் பெறுகின்றன.

கழித்தல் கணக்கு எளிது. அதைப் படிப்பதுதான் கடினம். ஒரு மணியில் 100 மெகாவாட் கூடுதல், அடுத்த மணியில் 100 மெகாவாட் குறைவு என்றால் சராசரிப் பிழை பூஜ்யம். ஆனால் இரண்டு மணியிலும் கணிப்பு தவறிப்போயிருக்கிறது. சூரிய மின்சாரத்தில் இரவு நேரங்களையும் சேர்த்துக்கொண்டால், கணிப்பும் பூஜ்யம், உற்பத்தியும் பூஜ்யம் என்று பாதி நாள் சரியாகிவிடும். எந்தக் கணிப்பாளரும் அதில் மேதையாகத் தெரிவார். விடுபட்ட தரவைப் பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டால், ஓடிக்கொண்டிருந்த நிலையம் நின்றுபோனதாகக் கணக்கு வரும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். அன்று நாளுக்கு 23 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு 25 மணி. இதைக் கவனிக்காத கருவியில் ஒரு கோடு இன்னொன்றிலிருந்து ஒரு மணி நகர்ந்து நிற்கும், இல்லாத பிழையெல்லாம் முளைக்கும்.

காற்றில் சிக்கல் இன்னும் ஆழமானது. காற்றின் வேகத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்ப அதன் ஆற்றல் மாறுகிறது. நொடிக்கு 8 மீட்டர் வேகம் என்று கணித்த இடத்தில் 7 மீட்டரே வீசினால் வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் குறைவு. ஆற்றலிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். புயல் காற்று இதற்கு நேர்மாறான ஆபத்து. நொடிக்கு 25 மீட்டரை ஒட்டிய வேகத்தில் பல காற்றாலைகள் தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். உச்சத்தில் இருந்த உற்பத்தி சட்டென்று விழும்.

வட கடலிலிருந்து வரும் ஒரு காற்றுத்தொடர், வலிமையெல்லாம் சரியாகக் கணிக்கப்பட்டும், ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறவேண்டிய நேரத்தில் உற்பத்தி ஏறவில்லை: ஒரு பிழை. இறங்கவேண்டிய நேரத்தில் இறங்கவில்லை: இன்னொரு பிழை. எண்ணில் மட்டும் பார்த்தால், காற்றே வராது என்று சொன்னவரைவிட இப்படிக் கணித்தவர் மோசம் என்றுகூட முடிவாகலாம். ஆனால் மின்தொகுப்பை இயக்குபவருக்கு இவருடைய கணிப்பே உதவும். காற்று வருகிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்ததே. அதனால்தான் ஒற்றைப் பிழை விகிதத்தை மட்டும் தருகிற அறிக்கையைவிட மணிவாரியாக இரண்டு கோடுகளையும் காட்டுகிற கருவி மேலானது. பிழையின் அளவோடு அதன் வடிவமும் தெரிய வேண்டும்.

ஜெர்மனியில் ஓராண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இதைத் தெளிவாக்கும். 2015 மார்ச் 20 காலையில் சூரிய கிரகணம். வெயில் மங்கியபோது சூரிய மின்சாரம் சரிந்தது. கிரகணம் விலகும்போது சூரியன் உச்சியை நெருங்கியிருந்ததால், சரிந்ததைவிடச் செங்குத்தாக ஏறியது. ஆனால் கிரகணம் எந்த நிமிடத்தில் தொடங்கும் என்பது முன்பே தெரியும். மின்தொகுப்பை இயக்குபவர்கள் கூடுதல் இருப்போடு காத்திருந்தார்கள். மின்தொகுப்பு நிலையாக நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2014 ஏப்ரல் 4 அன்று, சஹாராவின் தூசு ஜெர்மனி வானத்தை மூடியது. அத்தகைய தூசு வெயிலை மறைப்பதோடு நில்லாமல், மேகம் உருவாவதையும் தூண்டக்கூடியது. அப்போதைய வழக்கமான வானிலைக் கணிப்புகள் அன்றன்றைக்கு வரும் தூசைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்பார்த்த அளவு சூரிய மின்சாரம் வரவில்லை. கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் தூசையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரியை வைத்து அந்த நாளைப் பிறகு ஆராய்ந்தார்கள். ஜெர்மனியின் வானிலைத் துறையும் தூசுக் கணிப்பைச் சூரிய மின்சாரத்துக்காகவே மேம்படுத்தும் திட்டத்தில் இறங்கியது. வெயிலின் பெரிய சரிவு தொல்லை தரவில்லை. எதிர்பாராத தூசுதான் தந்தது.

இப்போது மணிக்கணக்கே போதவில்லை. காலையில் வெயில் ஏறும் ஒரு மணி நேரத்துக்குள் முதல் கால்மணியில் பற்றாக்குறையும் கடைசிக் கால்மணியில் மிகையும் வரலாம். மணிச் சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மறுநாள் மின்சாரத்தை முந்தைய நாளே விற்கும் ஐரோப்பிய மின்சந்தை 2025 அக்டோபர் 1 முதல் கால்மணிக் கட்டங்களுக்கு மாறியது. இந்தியாவில் ஒரு நாள் ஏற்கெனவே 96 கால்மணிக் கட்டங்களாகத்தான் பிரிக்கப்படுகிறது. எவ்வளவு தருவோம் என்ற அட்டவணையும் அதே கட்டங்களில்தான். அதிலிருந்து விலகினால் போடப்படும் கணக்கும் அவற்றில்தான்.