நடக்கிற உடம்புக்குப் படியளந்தவன்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வவுணதீவில் தண்ணீர்ப் பானை சீக்கிரம் காலியாகும். காடும் வயலும் தாண்டி மேற்கே இருந்து வருகிற வறண்ட காற்று அது. வலையிறவுப் பாலத்தில் நின்றால் கீழே வாவி இருந்தும் முகத்தில் அனல்தான் அடிக்கும். இந்த வெயிலில்தான் எங்கள் படுவான்கரை ஆட்கள் நெடுநடைக்குப் புறப்படுகிறார்கள். சிலர் தாந்தாமலை முருகனிடம், சிலர் மண்டூருக்கு, பெரிய நேர்த்தி உள்ளவர்கள் கதிர்காமத்துக்கு. வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் என்று நடந்து வருகிற கூட்டம் மட்டக்களப்பைத் தொடும்போது அதில் சேர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. 1983க்குப் பிறகு நின்றுபோயிருந்த அந்த யாத்திரை 1988இல் மறுபடி தொடங்கியது.

யாத்திரை என்றதும் எல்லாரும் காலைப் பற்றித்தான் பேசுவார்கள். கொப்புளம், செருப்பு, முழங்கால் நோவு, பூசுகிற எண்ணெய். வயிற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விரதகாலம் என்பதால் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதே குறைச்சல் என்று ஓர் எண்ணம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெத்தா, தலையில் பொட்டலத்தோடு நாளுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் நடந்து, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி மறுபடி நடக்கிறார் என்றால், அவருடைய உடம்புக்குள் படைத்தவன் வைத்திருக்கிற ஏற்பாடு என்னவென்று பார்க்க வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். சமதரையில் ஆறுதலாக நடக்கிற ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீற்றருக்கு முக்கால் கலோரிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். அறுபது கிலோ ஆள் 25 கிலோமீற்றர் நடந்தால் ஆயிரம் கலோரி. 300 கிராம் பச்சை அரிசியில் இருக்கிற சக்தி அவ்வளவுதான். இத்தனை தூரத்துக்கு இத்தனை மலிவா என்று எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. மணலில் கால் வைத்தால் கதை மாறும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து சொன்னது: அதே வேகத்தில் மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். கதிர்காமம் போகும் பாதையில் உகந்தைக்கு அப்பால் குமண வழியே போகிறவர்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமல் தொடையால் அறிவார்கள்.

இந்தச் செலவுக்கு உடம்பில் இரண்டு களஞ்சியங்கள் இருக்கின்றன. ஒன்று சிறியது. ஈரலில் நூறு கிராம், தசைகளில் நானூறு கிராம் அளவில் மாச்சத்தைக் கிளைக்கோசனாகக் கட்டி வைத்திருக்கிறோம்; இரண்டாயிரம் கலோரிக்கு மேல் தேறாது. மற்றது கொழுப்பு. மெலிந்த ஆள் என்று நாம் சொல்கிறவரிடமும் எட்டுப் பத்துக் கிலோ இருக்கும். அதில் எழுபதாயிரம் கலோரிக்கு மேல் கிடக்கிறது. இத்தனையையும் கிளைக்கோசனாகவே வைத்திருந்தால் என்ன நடக்கும்? ஒரு கிராம் கிளைக்கோசன் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். அதே சக்தியைச் சுமக்க இன்னும் எழுபது கிலோ உடம்பு வேண்டியிருக்கும். தண்ணீர் சேராத கொழுப்பில், கிராமுக்கு ஒன்பது கலோரியாக மடித்து வைத்தானே, அந்தக் கைக்கு என்ன பெயர் சொல்லிக் கும்பிடுவது!

ஆனால் பெரிய களஞ்சியத்தின் கதவு மெதுவாகத்தான் திறக்கும். ஓட்டமாய் ஓடினால் உடம்பு சின்னக் களஞ்சியத்தைச் சுரண்டும். மெல்ல நடந்தால் கொழுப்பை எரிக்கும். அரோகரா சொல்லி, நின்று நின்று, பெத்தாமாரின் வேகத்துக்கு நடக்கிற யாத்திரைக் கூட்டம் தன்னை அறியாமலே பெரிய களஞ்சியத்தில் நடக்கிறது. நாளாக ஆக, தசைக்குள் இழைமணிகள் பெருகும், நுண்குழாய்கள் கூடும், கொழுப்பை எரிக்கிற திறம் ஏறும். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியவர் மூன்றாம் கிழமையில் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போவது இதனால்தான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மூளைக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் குளுக்கோசு வேண்டும், கொழுப்பை அது நேரே தொடாது. இரவு முழுக்க நாம் தூங்கும்போது ஈரல் தன் இருப்பில் பெரும்பங்கை மூளைக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறது. விடியமுன் வெறும் வயிற்றோடு புறப்படுகிறவர், எட்டு மணி வெயிலில் திடீரென்று தலை கிறுகிறுத்து, கை நடுங்கி, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபப்படத் தொடங்குவார். கூட வருகிறவர்கள் "சாமிக்கு வெயில் பட்டுட்டுது" என்பார்கள். பலவேளை பட்டது வெயில் அல்ல, பட்டினி. பனங்கட்டிக் கடியோடு ஒரு பிளேன்ரீ, ஒரு பிடி அவல் — புறப்படும்போது இவ்வளவு போதும். நேர்த்தி என்று முழுப் பட்டினியோடு நடப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. மாமிசம் வேண்டாம் என்பது விரதம். சோறே வேண்டாம் என்று முருகன் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

பசி சரியான நேரத்தில் வந்து சொல்லும் என்று நம்பி இருக்கவும் ஒண்ணாது. சூட்டில் நடக்கிற உடம்பு பசியை அடக்கி வைக்கும். இரத்தம் தோலுக்கும் தசைக்கும் ஓடிவிட, வயிறு காத்திருக்கும். சாப்பாட்டைக் கண்டால் வெறுப்புக்கூட வரும். இந்த இடத்தில்தான் வழியோரத் தண்ணீர்ப் பந்தல் கை கொடுக்கிறது.

அந்தப் பந்தலைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கிடுகுக் கூரை, மூன்று கல் அடுப்பில் சிவப்பரிசிக் கஞ்சி, பக்கத்து வாங்கில் எருமைத் தயிரைக் கடைந்து நீர் விட்ட மோர், அதில் நசுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மோரை ஆற்றுகிற பெண்ணிடம் அடுப்படியில் இருந்து ஒரு குரல் வரும்: "உப்புக் காணாது புள்ள, நடந்து வந்தவங்களுக்கு இன்னும் ஒரு கிள்ளுப் போடு கா." அந்த ஒரு கிள்ளு உப்புக்குப் பின்னால் பெரிய இரகசியம் இருக்கிறது. ஒரு லீற்றர் வியர்வையோடு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போய்விடுகிறது. அதை ஈடு செய்வது ஒரு பாதி. மற்றப் பாதி சிறுகுடலின் சுவரில் நடக்கிறது. அங்கே குளுக்கோசு தனியாக உள்ளே போவதில்லை. இரண்டு சோடியம் அயன்கள் கூட வந்தால் அதற்கென்று உள்ள வாசல் திறக்கும். மூன்றும் சேர்ந்து நுழைய, பின்னாலேயே தண்ணீரும் போகும். ரொபேட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை 1960இல் பிராக் நகரக் கூட்டமொன்றில் சொன்னார். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலீப் மகலானபிஸ் சீனியும் உப்பும் கரைத்த நீரைக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைச் சாவில் இருந்து மீட்டார். அரிசிக் கஞ்சியும் உப்பும் சேர்ந்தால் அதே வேலையைச் செய்யும். கஞ்சிக்கு உப்புப் போடச் சொன்னவர் பிராக் நகரை அறியார். வாசலைக் கட்டியவன் சாவியை அவர் அடுப்படியிலேயே வைத்திருந்தான்.

உகந்தைக்கு அப்பால் இந்தப் பந்தல் கொடுப்பினை குறைந்துவிடும். வாகூர வட்டை, குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நான்கைந்து நாள் காடு. கடை கிடையாது. அரிசியும் பருப்பும் சட்டியும் கூட்டமாகப் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். அனுபவசாலிகளின் பையைப் பிரித்தால் தெரியும்: வறுத்த கச்சான், அவல், எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, பனங்கட்டி, ஒரு சின்ன முடிச்சில் உப்பு. நூறு கிராம் சோற்றில் 130 கலோரி என்றால், நூறு கிராம் கச்சானில் ஐந்நூற்றைம்பதுக்கு மேல். நாலில் ஒரு பங்கு புரதம் வேறு. தண்ணீரைச் சோற்றுக்குள் சுமக்காமல் ஆற்றில் எடுத்துக்கொள்வதுதான் அந்தப் பையின் சூட்சுமம். புதிதாக வருகிற பொடியன்மார் கொண்டுவரும் பிஸ்கட் பக்கெற்றுகள் இரண்டாம் நாளே தூளாகிவிடும், அது வேறு கதை.

எவ்வளவு கொடுத்தாலும் குடல் வாங்கிக்கொள்ளுமா? அதற்கும் படைத்தவன் எல்லை போட்டிருக்கிறான். 2015இல் அமெரிக்காவைக் குறுக்காக, கலிபோர்னியாவில் இருந்து தலைநகர் வரை மாதக்கணக்கில் ஓடியவர்களை அளந்து ஆய்வாளர்கள் 2019இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா படுத்திருக்கும்போது செலவாகிற சக்தியின் இரண்டரை மடங்குக்கு மேல் எந்த மனித உடம்பும் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை; அதற்கு மேல் செலவழித்தால் குடலால் ஈடுகட்ட முடியாமல் உடம்பு தன்னையே தின்னும். அறுபது கிலோ ஆளுக்கு அந்த எல்லை மூவாயிரத்து ஐந்நூறு கலோரிப் பக்கம் வரும். யாத்திரைக்காரரின் செலவு அதற்கு உள்ளேயே அடங்குகிறது. அதனால்தான் அவரால் மாதம் தாண்டியும் நடக்க முடிகிறது.

எங்கள் வயல்களுக்கு வருகிற யானையை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 150 கிலோ வரை தின்னும், தின்றதில் பாதிகூடச் செரிக்காது. ஆகவே நாளின் பெரும்பொழுதைத் தின்பதிலேயே கழிக்கிறது. வேளாண்மையை இழந்து, பரணில் நித்திரை முழித்துக் கிடப்பவரிடம் போய் யானையும் படைப்பின் அதிசயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் உண்மை அதுதான். அதே காட்டு வழியில் மனிதன் இரண்டு வேளைச் சோற்றோடு நடந்து போகிறான். அடுப்பில் வெந்த மாச்சத்து அவனுக்குப் பாதி வழி செரித்தே வருகிறது. தின்னும் நேரம் மிச்சம், அந்த நேரத்தில் நடக்கிறான், பாடுகிறான், மற்றவனுக்குச் சமைக்கிறான்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகி எழும்பிப் பந்தியில் உட்காருகிறபோது பசி ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். நடந்து களைத்த தசை அந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் குளுக்கோசை வழக்கத்தைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். வெறுமையான கிளைக்கோசன் இருப்பு நிரம்ப ஒரு நாள் வேண்டும். மெலிந்த உடம்பு பழைய எடைக்கு வரக் கிழமைகள் ஆகும். கதிர்காமம் போய் வவுணதீவுக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் பத்து நாளைக்குச் சோற்றுப் பானையைச் சுற்றியே திரிவார்கள். இரண்டாம் தரம் உலை வைக்கிற மருமகள்மார் முணுமுணுப்பார்கள். பெத்தா காதில் விழாத மாதிரி இன்னும் கொஞ்சம் சொதி கேட்பார்.