அணைக்கட்டு மீன்பிடிப்பு: பரிசலும் வலையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

உழவருக்கு ஏரும் மாடும் எப்படியோ, அணைக்கட்டில் மீன் பிடித்துப் பிழைப்பவருக்குப் பரிசலும் வலையும் அப்படியே. மேட்டூர், பவானிசாகர், சாத்தனூர், வைகை, அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல. இக்குடும்பங்களில் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வலை வாங்கப்படுகிறது. வலை ஒரு பருவத்திலேயே வீணானால் கடன் நிற்கும்; வருமானம் நின்றுவிடும். பரிசல் பழுதானாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே இவ்விரண்டையும் பார்த்து வாங்குவதும், வாங்கியதைப் பேணுவதும் எப்படி என்பதை இங்கு காண்போம்.

நீர்த்தேக்கத்தின் தன்மை

ஏரி, குளங்களைப் போல அணைக்கட்டின் அடிமட்டம் சமமாக இருப்பதில்லை. 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம், நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது சுமார் 153 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்து கிடக்கும். நீர் வற்றும் காலங்களில் பண்ணவாடி பரிசல் துறைப் பகுதியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பலரும் பார்த்திருக்கலாம். ஊர்கள் இருந்த இடத்தில்தான் நீர் நிற்கிறது. சுவர்கள், பாறைகள், மரக்கட்டைகள் ஆகியவை அடியில் மறைந்திருக்கும். இவற்றின் மேல் உராயாமல் செல்லும் படகும், இவற்றில் சிக்கினாலும் மீட்கக்கூடிய வலையுமே இங்கு ஏற்றவை.

பரிசலின் நன்மை, தீமை

பரிசல் வட்டமாகவும் அடி தட்டையாகவும் இருப்பதால் மிகக் குறைந்த ஆழத்திலும் மிதக்கும். கட்டை, பாறைகளுக்கு மேலே எளிதில் நழுவிச் செல்லும். ஒருவரே தலைமேல் கவிழ்த்துக் கரைக்குச் சுமந்து வரலாம். வலையை எப்பக்கமிருந்தும் இழுக்கலாம். ஆயினும் அடிக்கட்டை இல்லாததால் காற்றடித்தால் சுழன்று, காற்றின் போக்கிலேயே போய்விடும். இக்குறையை நினைவில் வைத்தே தொழில் செய்ய வேண்டும்.

இரண்டு பேர், வலைகள், பிடிக்கும் மீன் ஆகியவற்றைத் தாங்க 2 முதல் 2½ மீட்டர் விட்டமுள்ள பரிசல் தேவை. வாங்குமுன் முழங்கால் ஆழ நீரில் விட்டு, இரண்டு பேரும் ஏறி, வலையின் எடைக்கும் மீனின் எடைக்கும் ஈடாக மணல் மூட்டைகளை வைத்துப் பாருங்கள். அப்போது நீர்மட்டத்திற்கு மேல் விளிம்பு குறைந்தது ஒரு சாண் உயரமாவது நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது சிறிய பரிசல். சிற்றலை அடித்தாலே நீர் உள்ளே புகும்.

மூங்கில் பரிசல்

முன்பு தோல் போர்த்திய பரிசல்களே இருந்தன. பின்னர் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்குகள் வழக்கத்திற்கு வந்தன. மூங்கில் பரிசலின் ஆயுள் மூங்கிலைப் பொறுத்தது. இளம் மூங்கிலில் மாவுப்பொருள் மிகுதி. அதைத் தின்னவே வண்டு துளைக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்த மூங்கிலை வெட்டி, சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திய பின் பிளந்து பின்னினால் வண்டுத் தொல்லை பெரிதும் குறையும். பரிசலுக்கு அடியில் மஞ்சள் நிறத் தூள் உதிர்ந்திருந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று அறியலாம். அப்பட்டையை உடனே மாற்றிவிட வேண்டும்.

தார் பூசும்போது கொதிக்கும் தாரை ஊற்றினால் பிளாஸ்டிக் சாக்கு சுருங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் பூச வேண்டும். கூரைக்கு அடியில் தார் காய்ச்சுவதும், அடுப்பின் மேலிருக்கும் தாரில் மண்ணெண்ணெய் கலப்பதும் தீ விபத்தில் முடியும். பரிசலைக் கரையில் இழுத்துச் செல்லாமல் தூக்கிச் செல்லுங்கள். பூச்சு தேய்வது பெரும்பாலும் இந்த இழுவையால்தான். வேலை முடிந்ததும் கற்களின் மேல் கவிழ்த்து நிழலில் வைத்தால் மூங்கில் உலரும். கரையானும் எளிதில் ஏறாது.

கண்ணாடியிழைப் பரிசல்

'ஃபைபர்' பரிசல் நீண்ட நாள் உழைக்கும், மக்காது, வண்டு துளைக்காது. வாங்கும்போது வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் அங்கே கனம் குறைவு. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால், நன்றாக ஒட்டாத இடத்தில் மட்டும் ஓசை மாறும். வெடிப்பு விட்டால் அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, இழைப்பாயும் பிசினும் வைத்து ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் நிற்காது.

இதில் பலர் அறியாத ஒரு ஆபத்து உண்டு. மூங்கில் பரிசலில் நீர் நிறைந்தாலும் மூங்கில் மிதக்கும். பிடித்துக்கொண்டு உயிர் தப்பலாம். கண்ணாடியிழையோ நீரைவிடக் கனமானது. நுரைப்பொருள் அடைத்த மிதவை அறை இல்லாத ஃபைபர் பரிசலில் நீர் நிறைந்தால் அது மூழ்கிவிடும். ஆகவே அத்தகைய அறை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் காற்றுப் புகாமல் மூடிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களில் இறுகக் கட்டிவிடுங்கள். ஒரு கேன் ஏறத்தாழ 19 கிலோ எடையைத் தாங்கும். நீரில் மிதப்பவர் பற்றிக்கொள்ள இது போதுமானது.

வலையின் கண்ணளவு

அணைக்கட்டில் பெரும்பாலும் பயன்படுவது செவுள் வலையே. தளர்வாகத் தொங்கி மீனைச் சுற்றிச் சிக்க வைக்கும் ரங்கூன் வலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கண்ணின் அளவு தவறினால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கண் பெரிதானால் மீன் நுழைந்து போய்விடும். சிறிதானால் முட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் பிடிக்க விரும்பும் அளவுள்ள மீன் ஒன்றின் மிகப் பருத்த பகுதியை ஒரு நூலால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை இரண்டரையால் வகுத்தால் வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து அளக்கும் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 25 செ.மீ. என்றால் கண்ணளவு 10 செ.மீ.; 30 செ.மீ. என்றால் 12 செ.மீ. ஆகும்.

கடையில் ஒரு கண்ணை மட்டும் அளந்து ஏமாற வேண்டாம். பத்துக் கண்களைச் சேர்த்து இழுத்து அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். முடிச்சின் இரு பக்க நூல்களையும் மாற்றி மாற்றி இழுத்தால் முடிச்சு நழுவக் கூடாது. "நூறு மீட்டர் வலை" என்றால் இழுத்த நீளமா, கயிற்றில் கோத்த நீளமா என்று கேளுங்கள். 100 மீட்டர் இழுத்த நீளமுள்ள வலையைச் சுமார் 50 மீட்டர் கயிற்றில் கோத்தால்தான் கண்கள் நன்றாக விரிந்து நிற்கும். கயிறு மிச்சம் பிடிக்கிறோம் என்று நெருக்கினால் மீன் சிக்கி வலை கந்தலாகும். மிகவும் விரித்தாலோ கண்கள் விறைத்து மீன் தப்பிவிடும்.

சிறு கண் வலையால் இழப்பே மிகுதி. நீர்த்தேக்கத்தில் இருப்பு விட்ட கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் கால் கிலோ எடையில் சிக்கினால் அற்ப விலைக்குப் போகும். அவற்றை வளரவிட்டால் கிலோக் கணக்கில் எடை ஏறும். இன்று பிடிக்கும் குஞ்சு, நாளை உங்கள் வலையிலேயே விழ வேண்டிய பெரிய மீன் என்பதை மறக்க வேண்டாம். அந்தந்த நீர்த்தேக்கத்தில் அனுமதிக்கப்படும் கண்ணளவை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து வாங்குவது நலம்.

மிதவையும் எடையும்

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். எனவே கட்லாவுக்கு மிதவை மிகுந்த மேல் வலையும், மிர்காலுக்கு எடை மிகுந்த அடி வலையும் கட்ட வேண்டும். நைலான் நூல் நன்னீரில் தானாகவே மெல்ல மூழ்கும் தன்மையது. ஆகவே மேல் வலைக்கு எடையை மிகக் குறைவாகவே கட்டினால் போதும். மிதவைக்கு உடைந்து உதிரும் தெர்மகோலைவிட, பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டிக் கோப்பது நீண்ட நாள் உழைக்கும். முழு வலையையும் கட்டுமுன் 5 மீட்டர் மட்டும் கட்டி, கிணற்றிலோ குட்டையிலோ விட்டுப் பார்த்து மிதவையைச் சரிசெய்துகொள்ளலாம்.

வலையைப் பேணுதல்

நைலான் மக்காது என்பதால் அதைக் கவனிக்க வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. நைலானுக்கு வெயிலே முதல் பகை. கரையில் நாள்தோறும் வெயிலில் கிடக்கும் வலை, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கையால் இழுத்தால் அறுந்துவிடும். வலையை எடுத்ததும் பாசி, செதில், கொழகொழப்பு ஆகியவற்றை நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். மீன் வாடைக்கு எலி வரும். ஆகையால் மூட்டையாகக் கட்டித் தரையில் போடாமல் உத்தரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். பேட்டரி அமிலம் பட்ட இடத்தில் நைலான் இற்றுப்போகும், அருகே வைக்காதீர்கள்.

வாளை மீன் பல்லால் அறுத்த கண்ணை அன்றே கட்டிவிட வேண்டும். ஒரு கண் விட்டால் மறுநாள் அது ஒரு முழ ஓட்டையாகும். வலை ஊசியும், கண்ணளவுக்குச் செதுக்கிய மூங்கில் பட்டையும், அதே கனமுள்ள நூலும் எப்போதும் பரிசலில் இருக்கட்டும்.

கட்டையில் சிக்கிய வலையை அறுத்துவிட்டு வருவது பெரும் தீங்கு. பருத்தி வலை மக்கிப்போகும். நைலான் வலை அடியில் கிடந்து, யாருக்கும் பயனின்றிப் பல காலம் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். இடத்தைக் கரை அடையாளங்களால் குறித்துக்கொண்டு, மறுநாள் காற்றில்லாத வேளையில் கிணற்றில் வாளி எடுக்கும் பாதாளக் கரண்டியை நீண்ட கயிற்றில் கட்டி இழுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

உயிர்ப் பாதுகாப்பு

ஆடிக் காற்றில் பொழுது ஏறஏற அலை வலுக்கும். மாலையில் விட்ட வலையை விடியற்காலையிலேயே எடுத்துவிட்டால் காற்றுக்கும் தப்பலாம். மீனும் கெடாமல் நல்ல விலை பெறும். கோடையில் மேகம் கறுத்து இடி கேட்டால் வலை போனாலும் போகட்டும் என்று கரை சேருங்கள். தனியாகப் போகாதீர்கள். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து வலை இழுக்கக் கூடாது. ஒருவர் மண்டியிட்டு இழுக்க, மற்றவர் எதிர்ப்பக்கம் அமர்ந்து துடுப்பால் சமன் செய்ய வேண்டும். உயிர் காக்கும் மேலங்கியை அணிந்தே செல்லுங்கள். அது கிடைக்காதபோது, காற்றடைத்த டயர் டியூப் ஒன்றாவது ஆளுக்குக் கையருகில் இருக்க வேண்டும். கால் வலையில் மாட்டினால் அறுத்துக்கொள்ள இடுப்பில் ஒரு கத்தி தேவை. பரிசல் கவிழ்ந்தால், கரை அருகில் தெரிந்தாலும் நீந்த முயலாமல் பரிசலைப் பற்றிக்கொண்டு குரல் கொடுப்பதே உயிர் காக்கும் வழி.

எதை முதலில் வாங்குவது?

கைப்பணம் குறைவாக இருந்தால் வலையைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, பரிசலில் சிக்கனம் கூடாது. நல்ல பரிசலும், சரியான கண்ணளவில் நான்கு வலைகளும் உள்ளவர், ஒழுகும் பரிசலில் பத்து வலை ஏற்றிச் செல்பவரைவிட நிம்மதியாகத் தொழில் செய்வார். பிடிக்கும் மீனின் வருவாயில் வாரந்தோறும் ஒரு சிறு தொகையை நூலுக்கும் தாருக்கும் என ஒதுக்கி வைத்து வந்தால், அடுத்த பருவத்திற்குப் புதுக்கடன் தேவைப்படாது.